வெயில் காட்டினால் மஞ்சள் போகுமா?

நான்காம் படிவ மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றார். வீட்டில் தம்பி பிறந்து நான்கு நாள்தான் ஆகிறதாம். முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருக்கிறதாம். காலை வெயிலில் அரைமணி நேரம் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி. வீட்டுக்கு வந்து பார்த்த தாதியோ, வெயிலெல்லாம் வேண்டாம், நாளைக் காலையில் கிளினிக்கிற்குக் கொண்டு வாருங்கள், மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"டீச்சர், ஆஸ்பத்திரியிலும் வெளிச்சத்தில்தானே வைக்கிறார்கள்? அப்படியென்றால் பாட்டி சொல்வது சரிதானே?"

நல்ல கேள்வி. பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெளிச்சத்துக்கு இந்த மஞ்சளைக் குறைக்கும் சக்தி உண்டு. ஆனால், அந்தப் பாதி உண்மையை நம்பி மறுநாள் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டால் குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் தீராத பாதிப்பு வரலாம். ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

உடைந்த இரத்த அணுவின் நிறம்

திடலில் விழுந்து முழங்காலில் கன்றிப்போன இடத்தைத் தினமும் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கருநீலமாக இருக்கும். சில நாளில் ஓரங்களில் பச்சை தெரியும். பிறகு மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் படிப்படியாக உடைவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஹீமோகுளோபினில் இருக்கும் 'ஹீம்' என்ற பகுதி முதலில் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாகவும், பிறகு பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது.

அடிபடாவிட்டாலும் நம் உடலில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பெரியவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பிறந்த குழந்தையின் சிவப்பணுவுக்கு ஆயுள் இன்னும் குறைவு, ஏறக்குறைய 70 முதல் 90 நாள்தான். போதாததற்கு, கருப்பைக்குள் ஆக்சிஜன் குறைவாகக் கிடைத்ததால் குழந்தை அதிகமான சிவப்பணுக்களோடு பிறக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் சுமார் 35 மில்லிகிராம் பிலிருபின் உண்டாகும். ஆகவே, எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடலில்தான் பிலிருபின் அதிகம் உற்பத்தியாகிறது.

பிலிருபின் நீரில் எளிதில் கரையாது. அதனால் சிறுநீர் வழியாக அப்படியே வெளியேற முடியாது. இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு நொதி அதோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைத்து நீரில் கரையும் பொருளாக மாற்றும். பின்னர் அது பித்தநீரோடு குடலுக்கு வந்து மலத்தில் வெளியேறும்.

கருவில் இருக்கும்வரை இந்த வேலை குழந்தைக்கு இல்லை. நச்சுக்கொடி வழியாகப் பிலிருபின் தாய்க்குப் போய், தாயின் கல்லீரல் அதைக் கவனித்துக்கொண்டது. தொப்புள்கொடியை வெட்டிய நிமிடம் முதல் குழந்தையின் கல்லீரல் தனியாக அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆனால், அந்த நொதி அப்போது மிகக் குறைவாகவே இயங்கும். வேகம் பிடிக்கச் சில நாள் ஆகும். வரவு அதிகம், வெளியேற்றம் மெதுவாக. மிச்சம் இரத்தத்தில் தங்கித் தோலில் தெரிகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் இந்த மஞ்சள் தெரியும். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, உயர்ந்து, இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும்.

பெரியவர்களுக்கு வரும் மஞ்சள் காமாலையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் கல்லீரல் அழற்சியாலோ பித்தக்குழாய் அடைப்பாலோ வருவது. இங்கே கல்லீரலுக்கு நோயில்லை, அது இன்னும் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே கீழாநெல்லிச் சாறு போன்ற வீட்டு மருந்துகளைப் பிறந்த குழந்தையின் வாயில் விடவே கூடாது. தாய் சாப்பாட்டில் மஞ்சள் சேர்த்ததால் குழந்தை மஞ்சளாகிவிட்டது என்பதும் தவறு. பத்தியக் குழம்பில் போடும் மஞ்சளுக்கும் பிலிருபினுக்கும் நிறம் மட்டுமே ஒற்றுமை.

சரி, தானே அடங்கும் என்றால் தாதி ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்? சில குழந்தைகளுக்கு அது அடங்குவதில்லை என்பதால்தான். அல்புமின் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிப் பிலிருபின் சேர்ந்தால், மிச்சம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலும் செவிநரம்பின் பாதையிலும் படிந்து அங்குள்ள அணுக்களைச் சிதைக்கும். இதற்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர். பிழைக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கைகால்கள் கட்டுப்பாடின்றி அசையலாம், கண்ணை மேலே உயர்த்த முடியாமல் போகலாம். நடந்த பிறகு சரிசெய்ய மருந்து இல்லை. நடக்காமல் தடுப்பதோ பெரும்பாலும் எளிது. நேரத்தோடு அளந்து பார்த்து, தேவைப்பட்டால் விளக்கின் கீழ் வைத்தால் போதும். அந்த விளக்குக்கு ஒரு கதை உண்டு.

போர்வை மறைத்த முக்கோணம்

1956ஆம் ஆண்டு கோடைகாலம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் ரோச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர் வார்ட் என்ற தலைமைத் தாதி. நல்ல காற்றும் இளவெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்று நம்பியவர். வெயில் நாளில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார். ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் நல்ல மஞ்சள். சாயம் ஏதும் பூசியிருக்கிறாரோ என்றுகூட ஒரு மருத்துவர் நினைத்தார். அது சாயமில்லை. போர்வையின் நுனி மடிந்து மறைத்திருந்த இடம் அது. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் குறைந்து, படாத இடத்தில் அப்படியே நின்றிருந்தது.

சில வாரம் கழித்து இன்னொன்று நடந்தது. மஞ்சள் கண்ட ஒரு குழந்தையின் இரத்தக் குழாய் சன்னலோரத்தில் வெயில் படும்படி கிடந்துவிட்டது. அதைச் சோதித்தபோது பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்த ரிச்சர்ட் கிரேமர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் நீலக் குழல்விளக்குகளை வரிசையாகப் பொருத்தி ஒரு கருவி செய்தார்கள். 1958இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. அதற்குமுன் பிலிருபின் மிகவும் உயர்ந்த குழந்தைக்கு இரத்தத்தையே சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றுவார்கள். ஆபத்தான வேலை அது. இன்றும் கடைசி வழியாக அது இருக்கிறது, ஆனால் ஒளிச்சிகிச்சை வந்தபின் அதற்கான தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஏன் நீலம்? ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறதென்றால் அது நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது என்று பொருள். ஒளி பாடத்தில் படித்திருப்பீர்கள். பிலிருபின் மூலக்கூறு 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சியதும் அதன் வடிவம் மாறுகிறது. அணுக்களின் எண்ணிக்கை அதேதான், அடுக்கப்பட்ட விதம் வேறு. மாறிய வடிவம் நீரில் கரையும். கல்லீரல் நொதிக்குக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் அது வெளியேறிவிடும். இதில் புற ஊதாக் கதிருக்கு வேலையே இல்லை. மருத்துவமனை விளக்கு ஊதா நிறமாகத் தெரிவதைப் பார்த்து 'யூவி லைட்' என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு.

இப்போது பாட்டியின் வெயிலுக்கு வருவோம். வெயிலிலும் நீல ஒளி இருக்கிறது. அதோடு தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும், உடலைச் சூடாக்கும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. பிறந்து சில நாளான குழந்தையால் தன் உடல் வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. நம் ஊர் வெயிலில் உடம்பு சீக்கிரம் சூடாகி நீர் வற்றும். நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் கூடத்தான் செய்யும். மருத்துவமனையில் ஏறக்குறைய முழு உடலிலும் ஒளி படும்படி, பால் குடிக்கும் நேரம் தவிர மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஒளியின் செறிவையும் கருவியால் அளப்பார்கள். வாசலில் துணி சுற்றி அரைமணி நேரம் காட்டும் வெயிலில் எவ்வளவு நீல ஒளி கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெயிலைச் சிகிச்சையாகப் பயன்படுத்தவே முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்பின் பெரும்பகுதியையும் தடுக்கும் படலத்தைக் கூரையாகக் கட்டி, அதன் கீழ் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. வடிகட்டிய வெயில் வேலை செய்தது. ஆனால் அங்கே ஒரு நாளில் பல மணி நேரம், உடல் வெப்பத்தை அளந்துகொண்டே, தாதியர் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனையோடு அது நடந்தது. வீட்டு வாசலில் காட்டும் வெயில் அப்படிப்பட்டதன்று.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முக்கோணம்தான். வெயில் பட்ட தோல் வெளுக்கிறது. நீல ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் தோலில் இருக்கும் பிலிருபின் முதலில் மாறிவிடுகிறது. இரத்தத்தில் ஓடும் பிலிருபினோ ஆபத்தான அளவிலேயே இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் குழந்தையைப் பார்த்து, "மஞ்சள் இறங்கிவிட்டது" என்று நிம்மதி அடைவார்கள், மறுநாள் கிளினிக்கிற்குப் போகமாட்டார்கள். எச்சரிக்கை விளக்கின் மேல் வெள்ளைச் சாயம் அடித்த மாதிரிதான். மருத்துவமனையில்கூட, விளக்கின் கீழ் இருந்த குழந்தையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது?

மூன்று வேலைகள். பார்ப்பது, பால் கொடுப்பது, சொன்ன நாளில் கிளினிக்கிற்குப் போவது. முதல் வேலையில் நீங்களும் உதவலாம்.

மஞ்சள் பொதுவாக முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, தொடை, பாதம் என்று கீழே இறங்கும். கீழே போகப் போக அளவு கூடுகிறது என்று கொள்ளலாம். ஆனால் நம் குழந்தைகளின் தோல் நிறத்தில் இது எளிதில் தெரியாது. ஆகவே கண்ணின் வெள்ளை விழியையும் ஈறுகளையும் பாருங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், இரத்தம் விலகிய அந்த ஒரு நொடியில் அடிநிறம் தெரியும். பல வீடுகளில் பிள்ளை பெற்ற அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக வைத்திருப்பார்கள். மஞ்சள் குமிழ்விளக்கும் எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் ஒரே நிறம்தான். பகலில் திரையை விலக்கி, சன்னலுக்கு அருகே, நேரடி வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கொண்டு போவது பார்ப்பதற்கு மட்டும்தான், காய்ச்சுவதற்கு அல்ல!

கண்ணால் பார்ப்பது 'போக வேண்டுமா' என்று முடிவெடுக்க உதவும். 'போக வேண்டாம்' என்று முடிவெடுக்க உதவாது. அளவைச் சொல்வது குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம்தான். அந்த எண்ணையும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்கு ஒரு லிட்டருக்கு 200 மைக்ரோமோல் என்று பிறந்த நான்காம் நாளில் வந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டால் போதும். அதே 200, பிறந்து 24 மணி நேரத்தில் வந்தால் உடனே விளக்கின் கீழ் வைக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் முக்கியம். அதற்கு ஒரு புள்ளி போதாது, அடுத்த புள்ளியும் வேண்டும். வரைபடத்தில் சாய்வு காண இரண்டு புள்ளிகள் வேண்டும் என்று கணிதத்தில் படித்தது நினைவிருக்கிறதா? தாதி "நாளைக்கும் வாருங்கள்" என்பது அந்த இரண்டாம் புள்ளிக்காகத்தான். மலேசியாவில் சமூகத் தாதியர் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறார்கள். பிறந்த முதல் நான்கு நாளில் ஒவ்வொரு நாளும் வருவது என்று அட்டவணையே போட்டிருப்பதற்கு மஞ்சளும் ஒரு காரணம். பிரசவித்தவர் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அப்படி வேறு ஊருக்குப் போனால் அந்த முகவரியைக் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தாதி பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

பாலின் வேலை என்ன? குடலுக்கு வந்த பிலிருபின் அங்கேயே தங்கினால், குடலில் உள்ள ஒரு நொதி கல்லீரல் போட்ட முடிச்சை அவிழ்த்துவிடும். பிலிருபின் மறுபடி இரத்தத்துக்கே திரும்பும். பிறந்த குழந்தையின் கரும்பச்சை முதல் மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது சீக்கிரம் வெளியேற வேண்டும். வெளியேற்றுவது பால். ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் கண்ட குழந்தை அதிகம் தூங்கும். "நல்லா தூங்குது, எழுப்பாதே" என்று விடக்கூடாது, எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு நாளுக்கு ஆறு முறையாவது நாப்பி நனைய வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இதைக் குறித்துவைப்பது அக்காவோ அண்ணனோ செய்யக்கூடிய வேலை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்தால் மஞ்சள் கழுவிக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. நீரில் கரையாத பொருளைத் தண்ணீர் எப்படிக் கழுவும்? சின்ன வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் பாலுக்கு இடமில்லாமல் போவதுதான் மிச்சம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவது, மஞ்சள் கால்வரை இறங்குவது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற குரலில் அழுவது, உடம்பை வில்லாகப் பின்னால் வளைப்பது, காய்ச்சல். இவற்றில் எது இருந்தாலும் நாளைய சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். நள்ளிரவாக இருந்தாலும்தான்.

தொட்டில் சேலையும் பாச்சை உருண்டையும்

1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் கெர்னிக்டெரஸ் பல பிஞ்சு உயிர்களைப் பறித்தது. வோங் ஹோக் பூன் என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியரின் ஆய்வுகள் ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டின. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் அவர்களில் நிறைய இருந்தார்கள். சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது அந்த நொதி. அது குறைந்தால் சில பொருள்கள் பட்டதும் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும், பிலிருபின் திடீரென்று ஏறும். 1965இல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இன்று மலேசியாவிலும் இந்தச் சோதனை செய்கிறார்கள். இதற்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடமே அதிகம் காணப்படுகிறது. சீன, மலாய்க் குழந்தைகளிடம் இருப்பதைவிட இந்தியக் குழந்தைகளிடம் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தையின் சோதனை முடிவு என்ன என்று பெற்றோரிடம் கேட்டு வையுங்கள்.

அந்தப் 'பொருள்களில்' முதலிடம் பாச்சை உருண்டைக்கு. கடைகளில் 'உபாட் கெகாட்' என்று கேட்டு வாங்கும் வெள்ளை உருண்டைகளில் பல நாஃப்தலீனால் ஆனவை. திடநிலையிலிருந்து நேராக வாயுவாகும் பதங்கமாதலுக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்வோமே, அதே நாஃப்தலீன். அலமாரியில் உருண்டை போட்டு வருடக்கணக்கில் மடித்துவைத்த பருத்திச் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுகிறோம். அந்தத் துணியில் ஊறிய நாஃப்தலீன் ஆவியாகி, அதற்குள் படுத்திருக்கும் குழந்தை மூச்சில் இழுக்கிறது, தோலும் உறிஞ்சுகிறது. இது பிரசவத்துக்கு முன்பே செய்யக்கூடிய வேலை. உருண்டைகளை எடுத்து எறியுங்கள். சேலையையும் பழைய குழந்தைத் துணிகளையும் துவைத்து, வாசம் போகும்வரை வெயிலில் காயப்போடுங்கள். வெயில் நன்றாகவே பயன்படும் இடம் அது.

இனி, இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகாத குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான சில குழந்தைகளுக்கு அப்படி நீடிக்கும், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் 14 நாள் தாண்டினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். பித்தக்குழாய் அடைபட்ட குழந்தையும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், நன்றாகப் பால் குடிக்கும், எடைகூடப் போடும். அதைக் காட்டிக்கொடுப்பது நாப்பிதான். மலத்துக்கு நிறம் தருவது குடலுக்கு வரும் பிலிருபின். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் சாம்பலாகவோ சுண்ணாம்பு நிறமாகவோ இருக்கும், சிறுநீரோ தேநீர் மாதிரி கறுக்கும். இதற்கான அறுவைச் சிகிச்சையைக் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குமுன் செய்தால் பலன் கூடுதல். அதனால், வெளிறிய மலத்தைப் பார்த்தால் அந்த நாப்பியைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு பையில் சுற்றிக் கிளினிக்கிற்கு எடுத்துப் போங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், மின்விளக்கில் இல்லாமல் பகல் வெளிச்சத்தில்.